மண்ணறிந்து மழையைத் தேக்கியோர்: கரிசலும் கடற்கரையும் சொல்லும் வரலாறு

மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் தொடங்கும் மாணவன் முதலில் சந்திக்கும் தலைப்பு தொழுகை அன்று; தண்ணீர். ஷாஃபிஈ மத்ஹபின் தொடக்கநிலைப் பாடநூலாகிய 'மத்ன் அபூ ஷுஜாஃ', தூய்மை செய்வதற்குரிய நீரை ஏழு வகையாகப் பிரித்து, மழைநீரை அவற்றுள் முதலாவதாக வைக்கிறது. கடல், ஆறு, கிணறு, ஊற்று ஆகியவை அதன் பின்னரே வருகின்றன. இந்த வரிசை சிந்திக்கத் தக்கது. கிணற்றில் ஊறுவதும் ஆற்றில் ஓடுவதும் முன்னொரு நாள் வானிலிருந்து இறங்கியவையே. திருக்குர்ஆனின் அல்முஃமினூன் அத்தியாயம், மழை அளவோடு இறக்கப்பட்டுப் பூமியில் தங்க வைக்கப்படுவதையும், அதனைப் போக்கிவிடவும் இறைவன் ஆற்றலுடையவன் என்பதையும் ஒரே வசனத்தில் நினைவூட்டுகிறது (23:18).

மழையைப் பொழிவிப்பது நம் கையில் இல்லை. பொழிந்ததைத் தங்க வைக்கும் முயற்சியில் மட்டுமே நமக்குப் பங்குண்டு. ஆனால் எல்லா மண்ணும் நீரை ஒரே விதமாகத் தங்க வைப்பதில்லை. இதனை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். குழாய் வந்தபின் நாம் அதை மறந்தோம். பின்னர் மழைநீர்ச் சேகரிப்பை மீண்டும் பேசத் தொடங்கியபோது, எல்லா ஊருக்கும் ஒரே குழியைத் தோண்டினோம். கோவில்பட்டியையும் அதனைச் சூழ்ந்த கரிசல் நிலத்தையும், அதே மாவட்டத்தின் கடற்கரையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த மறதியின் விலை விளங்கும்.

ஒரு மாவட்டம், இரு மண்

1986ஆம் ஆண்டு திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தூத்துக்குடி மாவட்டத்தில் முற்றிலும் மாறுபட்ட இரு நிலங்கள் உள்ளன. வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகள் கரிசல் பூமி. தெற்கே திருச்செந்தூர், காயல்பட்டினம் பகுதிகள் கடற்கரை மணலும் செம்மணல் தேரியும் கொண்டவை. கோவில்பட்டிக்கும் காயல்பட்டினத்துக்கும் இடையே நூறு கிலோமீட்டர் தொலைவுகூட இல்லை. ஆயினும் மழைத்துளி ஒன்று இவ்விரு ஊர்களிலும் விழும்போது அதற்கு நேரும் கதி வேறு வேறானது.

கரிசல் மண் நுண்ணிய களிமண். கோடையில் அது சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். முதல் மழை அந்த வெடிப்புகளின் வழியே இறங்கும். மண் நனைந்தவுடன் உப்பி வெடிப்புகளை மூடிக்கொள்ளும். அதன்பின் பெய்யும் மழை உள்ளே புக வழியின்றி மேலேயே ஓடிவிடும். ஆகவே நிலத்தடி நீர் எளிதில் பெருகுவதில்லை. வெட்டிய கிணறுகளிலும் பல இடங்களில் உவர்ப்பே மிகுந்திருக்கும். ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை பெறும் இந்நிலத்தில், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். மானாவாரியாகப் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைவித்த மக்கள், எஞ்சிய மாதங்களுக்குக் குடிநீர் தேட வேண்டியிருந்தது. கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டிலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது என்பதே, இம்மண்ணின் இயல்பு தனித்து ஆராயத் தக்கதாயிருந்ததைக் காட்டும்.

மணற்பாங்கான கடற்கரையிலோ, பெய்த மழை சற்று நேரத்தில் உள்ளே இறங்கி மறைந்துவிடும். அங்கே நீரைத் தரைக்கு மேல் தேக்குவது கடினம். தரைக்குக் கீழே சேர்ப்பது எளிது.

கரிசலுக்கும் கடற்கரைக்கும் நம் சமுதாய வரலாற்றில் ஓர் இணைப்பும் உண்டு. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் எட்டயபுரத்து அவைப் புலவர், அடங்கியிருப்பதும் அவ்வூரிலேயே. அவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி கீழக்கரைக்காரர். வானம் பார்த்த கரிசலில் வாழ்ந்த அப்புலவர், அரபு நாட்டைப் பாடும்போதும் மழை பொழிந்து வெள்ளம் பெருகும் நாடாகவே அதனைக் கற்பனை செய்தார்.

கரிசலின் ஊருணிகள்

நீரை உள்ளே விடாத மண்ணில் வாழ்ந்தவர்கள் அந்தக் குறையையே பயனாக மாற்றினார்கள். மேலிருந்து நீரை உறிஞ்சாத களிமண், தேக்கிய நீரைக் கீழே கசியவும் விடாது. எனவே ஊருக்கு அருகே தாழ்ந்த இடத்தைத் தேர்ந்து ஊருணி வெட்டினார்கள். பயிருக்குக் கண்மாய், குடிப்பதற்கு ஊருணி என்பது பொது வழக்கம். கண்மாய்க்குக் கரை, மடை, கலுங்கு ஆகியவை உண்டு. ஊருணிக்கு அவற்றினும் கூடுதலாகக் கட்டுப்பாடு உண்டு. குடிநீர் ஊருணியில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது என்பவை எழுதப்படாத சட்டங்கள். நீர் வந்து சேரும் வரத்துக் கால்வாயில் அசுத்தம் செய்வதும் குற்றமாகக் கருதப்பட்டது. ஊருணி நீர் கலங்கலாக இருக்கும். பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து, நீரை ஊற்றி வைத்தால் வண்டல் அடியில் படிந்து நீர் தெளியும். சில ஊர்களில் ஊருணிக் கரையருகே கிணறு வெட்டி, இடையில் மணல் நிரப்பி, வடிந்துவரும் நீரை மட்டும் இறைத்துக் குடித்தார்கள்.

ஆண்டுதோறும் மழைக்கு முன் ஊரார் கூடித் தூர்வாரும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் வருவாய்த் துறையும் பொதுப்பணித் துறையும் நீர்நிலைகளைத் தம் பொறுப்பில் கொண்டுவந்தபோது, ஊராரின் உரிமை தளர்ந்தது. உரிமை தளர்ந்த இடத்தில் உழைப்பும் தளர்ந்தது. 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு இந்த உழைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்ற வேண்டிய நிலை வந்ததே அத்தளர்ச்சிக்குச் சான்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் கரிசல் சீமையும் தப்பவில்லை. அந்த 1876ஆம் ஆண்டில்தான் மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு இரயில் ஓடத் தொடங்கியது.

பழமையைப் போற்றும்போது அதன் கறையை மறைப்பது நேர்மையாகாது. எல்லா ஊருணியும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சாதியின் பெயரால் கரையில் நிறுத்தப்பட்டு, பிறர் ஊற்றும் நீருக்காகக் குடத்துடன் காத்திருந்த மக்கள் உண்டு. நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மனிதர் யாவரும் பங்காளிகள் என்ற நபிமொழியை ஓதிவரும் நாம், ஊருணியை மீட்கும்போது இந்தப் பாகுபாட்டை அல்ல, அந்த ஒழுங்கை மட்டுமே மீட்க வேண்டும்.

கடலோரத்தின் நன்னீர்

திருச்செந்தூரில் கடலுக்கு மிக அருகே இருக்கும் நாழிக்கிணற்றில் நன்னீர் ஊறுவதைக் கண்டு பலரும் வியப்பர். இதன் அறிவியல் எளிது. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது; நன்னீர் எடை குறைந்தது என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழம் வரை அது உப்புநீரை அழுத்தி நிறுத்தும். நன்னீர் ஒரு மீட்டர் குறைந்தாலோ, உப்பின் எல்லை அதே நாற்பது மடங்கு மேலேறி வரும். கடலோர ஊரில் ஆழ்துளைக் கிணறு போட்டு அளவின்றி இறைப்பவர் தம் வீட்டு நீரை மட்டும் எடுப்பதில்லை. அண்டை வீட்டின் கிணற்றுக்கும் கடலை அழைத்து வருகிறார்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதி இதற்குச் சாட்சி. நகரத்தின் தேவைக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் அங்கு இறைக்கப்பட்ட நிலத்தடி நீரால், 1960களின் இறுதியிலேயே கடல்நீர் உட்புகுந்திருப்பது கண்டறியப்பட்டது. பின்னர் அது பல கிலோமீட்டர் உள்ளே பரவியது. 2010ஆம் ஆண்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை சென்னைக்காக நிறுவப்பட்டதும் அதே மீஞ்சூரை ஒட்டியே. நன்னீர் தந்த மண்ணை உப்பாக்கிவிட்டு, உப்பு நீரை மின்சாரம் செலவிட்டு நன்னீராக்குகிறோம்.

ஆகவே கடலோர நகரத்துக்கு மழைநீர்ச் சேகரிப்பு என்பது தண்ணீர் சேமிப்பு மட்டுமன்று. கடலுக்கு எதிரான தடுப்புச் சுவரும் ஆகும். கூரை நீரை மணலுக்குள் இறக்கும் ஒவ்வொரு வீடும் அச்சுவரில் ஒரு கல்லை வைக்கிறது.

நீரற்ற நிலங்களில் முஸ்லிம்கள்

மண்ணுக்கேற்ற கலம் என்னும் இவ்வறிவு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. ஏமன் நாட்டின் துறைமுக நகரமான ஏடன் கடலோரத்தில் இருந்தும் எரிமலைப் பாறையின் மேல் அமைந்தது. பாறை நீரை உறிஞ்சாது. எனவே அவ்வூரார் மலைச்சரிவில் அடுக்கடுக்காகத் தொட்டிகள் கட்டி, எப்போதோ பெய்யும் மழையைப் பிடித்தார்கள். ஏடன் கடற்கரை நகரமாயினும் அதன் வழி கரிசலின் வழியே.

துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில் முற்றமே மழை ஏந்தும் தட்டாகச் சரித்து அமைக்கப்பட்டுள்ளது. நீர் நடுவிலுள்ள துவாரத்தின் வழியே, மண்ணைப் பிரிக்கும் குழிகளைக் கடந்து, கீழே உள்ள நீர்த்தொட்டிக்குச் செல்லும். கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் ஹஜ் பாதையில், கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் மழை வெள்ளத்தைத் தேக்கும் குளங்களை அமைக்கச் செய்தார். அப்பாதை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அண்மைக்கால எடுத்துக்காட்டு நம் அருகிலேயே உள்ளது. மாலத்தீவின் தலைநகர் மாலே, பவள மணலில் மிதந்த நன்னீரை நம்பி வாழ்ந்த ஊர். மக்கள்தொகை பெருகி, இறைப்பு மிகுந்து, கிணறுகள் கெட்டுப்போகவே கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலையை முழுமையாகச் சார்ந்தது. 2014 டிசம்பர் 4ஆம் நாள் அந்த ஆலையில் தீப்பிடித்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் ஒரே நாளில் குடிநீர் இழந்தார்கள். இந்தியா விமானங்களிலும் கப்பல்களிலும் தண்ணீர் அனுப்பியது. ஆண்டுதோறும் நன்கு மழை பெறும் ஒரு தீவுக்கு, கடல் கடந்து குடிநீர் போக வேண்டியதாயிற்று.

குழாயும் மறதியும்

மாலேயின் நிலையைத் தொலைவில் நடந்த செய்தியாக ஒதுக்கிவிட முடியாது. தூத்துக்குடி நகரம் தண்ணீருக்குத் தவித்த நாள்களில், நகரசபைத் தலைவராயிருந்த குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் கொண்டுவரும் திட்டத்தை 1920களில் நிறைவேற்றினார். அந்நகர மக்கள் இன்றும் அவரை நன்றியுடன் நினைக்கிறார்கள். பிற்காலத்தில் கோவில்பட்டிக்கும் காயல்பட்டினத்துக்கும் தாமிரபரணியே குடிநீர் ஆயிற்று. குழாய் நீர் பெரும் நன்மை. பெண்களின் தலையிலிருந்து குடத்தை இறக்கிய நன்மை அது. அதனைக் குறைகூற எவருக்கும் தகுதி இல்லை. ஆனால் குழாய் வந்ததும் ஊருணி குப்பை கொட்டும் பள்ளமாயிற்று. வரத்துக் கால்வாயில் சீமைக் கருவேலம் மண்டியது. சில இடங்களில் அது தெருவாகவும் மனையாகவும் மாறியது. கரிசலும் கடற்கரையும் ஒரே ஆற்றின் கழுத்தில் தொங்கலாயின.

2003ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவுக்கே முன்னோடியான சட்டம் அது. சென்னையின் மணற்பாங்கான பகுதிகளில் அடுத்த சில ஆண்டுகளில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்தது. ஆனால் சட்டத்தை நிறைவேற்றும் அவசரத்தில், கூரையிலிருந்து ஒரு குழாய், கீழே ஜல்லி நிரப்பிய ஒரு குழி என்பதே மாநிலம் முழுவதற்கும் உருவமாகிவிட்டது. மணலில் இக்குழி உயிர்க்குழி. கரிசலிலோ மழைநாளில் நிரம்பி, நாள்கணக்கில் தேங்கி, கொசு வளர்த்து, வீட்டுக்காரரால் மூடப்படும் குழி. குறை சட்டத்தின் நோக்கத்தில் இல்லை. மண்ணைக் கேட்காமல் கலத்தைச் செய்ததில் இருந்தது. பராமரிப்பு இல்லாவிடில் நல்ல மண்ணிலும் பயனில்லை என்பதற்கு 2019ஆம் ஆண்டுக் கோடையே சான்று. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது.

பின்னர் 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்கள் வந்தன. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. கோவில்பட்டியில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. ஓராண்டு மழையின் பெரும்பங்கு ஒரே நாளில் இறங்கியது. கண்மாய்கள் உடைந்தன, தாமிரபரணி கரைபுரண்டது, ஆற்றை நம்பிய குடிநீர்த் திட்டங்கள் பழுதாயின. இடுப்பளவு வெள்ளத்தில் நின்ற மக்கள் குடிப்பதற்குத் தண்ணீர் லாரியை எதிர்பார்த்தார்கள். அந்நாள்களில் பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் திறந்த மனத்தோடு மக்களுக்கு உதவின; அல்ஹம்துலில்லாஹ். எனினும் வானத்து நீரை ஏந்த நம் ஊர்களில் கலம் இல்லாமற்போனது ஏன் என்னும் வினா அப்படியே நிற்கிறது.

ஜமாஅத்தும் குடும்பமும் செய்யத்தக்கவை

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். கோவில்பட்டியில் 600 சதுர அடி, அதாவது சுமார் 56 சதுர மீட்டர் மாடியுள்ள வீட்டின் மேல் ஆண்டுக்கு 39,000 லிட்டர் விழுகிறது. வீணாவது போக 30,000 லிட்டரைப் பிடிக்கலாம். ஐந்து பேர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லிட்டர் எடுத்தால், 10,000 லிட்டர்த் தொட்டி ஒன்று 200 நாள்களுக்குப் போதும். கரிசலில் வேண்டியது மூடிய தொட்டியும், முதல் மழையை வெளியே தள்ளும் திறப்பும், ஜல்லி, கரி, மணல் அடுக்கிய வடிகட்டியும் ஆகும். குடிக்கும் முன் கொதிக்க வைப்பதும் அவசியம். கடற்கரையில் தொட்டி நிரம்பி மிஞ்சுவதை மணலுக்குள் அல்லது பழைய திறந்த கிணற்றுக்குள் வடிகட்டி இறக்கலாம். கரிசலில் மிஞ்சுவதை ஊருணிக்கு அனுப்ப வேண்டும்.

பள்ளிவாசலின் கணக்கு இன்னும் பெரிது. 3,000 சதுர அடிக் கூரை, அதே மழையில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் தரும். ஒருவர் உளூவுக்கு மூன்று லிட்டர் செலவிட்டால், அது 50,000 உளூவுக்கான நீர். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத், அதாவது முக்கால் லிட்டர் அளவு நீரிலேயே உளூச் செய்தார்கள் என்பதை (புகாரி, முஸ்லிம்) எண்ணினால், குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே கைகழுவும் நம் வழக்கம் வெட்கத்துக்குரியது. ஹனஃபி மத்ஹபினர் பத்து முழத்துக்குப் பத்து முழம் என்று வகுத்த ஹவ்ழும், ஷாஃபிஈ மத்ஹபினர் வகுத்த குல்லத்தைன் அளவும், தேக்கிய நீரைத் தூய்மையாக வைத்திருப்பதற்கு நம் சட்ட அறிஞர்கள் எடுத்துக்கொண்ட கவனத்தைக் காட்டுகின்றன. பழைய ஹவ்ழை இடித்துவிட்டுக் குழாய் வரிசை வைக்கும் முன், அதனைக் கூரைநீர்த் தொட்டியாக மாற்ற முடியுமா என்று நிர்வாகம் ஒருமுறை ஆலோசிக்கலாம்.

மறைந்த தம் தாயாருக்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது, தண்ணீரையே நபி (ஸல்) அவர்கள் காட்டினார்கள். அவர் கிணறு வெட்டினார் (அபூதாவூத்). நம் ஊர்களில் பெற்றோர் நினைவாக ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுப்போர் பலர். அவர்களின் எண்ணத்துக்கு அல்லாஹ் கூலி வழங்குவானாக. ஆயினும் கடலோரத்தில் இன்னுமோர் ஆழ்துளை, நன்மையைவிடக் கேடு விளைவிக்கக்கூடும். கரிசலில் அது உவர்நீரையே தரக்கூடும். அதே தொகையில் ஓர் ஊருணியின் வரத்துக் கால்வாயைத் தூர்வாரலாம். பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கூரைநீர்த் தொட்டி கட்டலாம். கரிசல் வட்டாரத்திலும் இராமநாதபுரத்திலும் ஊருணிகளை ஊராரைக் கொண்டே மீட்டெடுத்த தானம் அறக்கட்டளை போன்றோரின் அனுபவம் வழிகாட்டக் காத்திருக்கிறது. ஊருணி சாதி, சமயம் பார்த்து நிரம்புவதில்லை என்பதால், இது அண்டை வீட்டாரோடு சேர்ந்து செய்ய வேண்டிய பணியும் ஆகும்.

மழை பொய்த்தால் நாம் திடலில் கூடி மழைத் தொழுகை தொழுகிறோம், அது சுன்னத். மழையைக் கண்டபோது நபி (ஸல்) அவர்கள் அது பயன் தரும் மழையாக அமைய வேண்டும் என்று பிரார்த்தித்ததும் சுன்னத்தே (புகாரி). அப்பயனில் நமக்குரிய பங்கை ஐப்பசி பிறக்கும் முன்பே செய்து முடிக்க வேண்டும். இவ்வாண்டு புரட்டாசியில் ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு ஜும்ஆவுக்குப் பின் கூடி, பள்ளிவாசல் கூரையின் நீர் இப்போது எங்கே போகிறது, ஊரின் ஊருணிக்கு நீர் வரும் வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்னும் இரு கேள்விகளுக்கு விடை தேடட்டும். அந்த முயற்சியில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.